ஆறடி நிலமும் அதற்கொரு வழியும்



உத்திரமேரூர் என்றதும் நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரைச் சுட்டிக் காட்டுகிறோம். முதற் பராந்தக சோழன் ஆட்சியில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட எழுத்துகளைக் காட்டி, "காணீர் குடவோலை! காணீர் எங்கள் ஊராட்சி!" என்று உலகுக்கு உரைக்கிறோம். 2020 டிசம்பரில் தில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் அந்தக் கல்வெட்டின் பெருமை பேசப்பட்டது. பேசட்டும், பேசத் தக்க பெருமைதான் அது.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதினர், குடத்திலிட்டுக் குலுக்கினர், ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவன் கையால் எடுக்கச் செய்தனர். ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாட்களுக்கு மட்டுமே. பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் மீண்டும் குடத்திற் புகாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் புகாது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இத்தகைய கண்டிப்பு!

ஆயினும் தோழர்களே, அந்தச் சுவரெதிரே இன்னும் சற்று நேரம் நின்று படிப்போம். யார் பெயர் குடத்திற் புகுந்தது? இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்குமேல் உடையவன் பெயர். சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டவன் பெயர். வேதம் கற்றவன் பெயர். அந்தக் கால் வேலியை உழுதவன் பெயர் புகவில்லை. ஏரிக்கு மண் சுமந்தவன் பெயர் புகவில்லை. ஏரிக்கு வாரியம் உண்டு. தோட்டத்துக்கு வாரியம் உண்டு. பொன்னுக்கும் வாரியம் உண்டு. உழுது களைத்தவன் ஓய்ந்து கண்மூடினால் அவன் உடல் எந்த வழியே போக வேண்டும் என்று பார்க்க வாரியம் ஏதும் அங்கே குறிக்கப்படவில்லை.

அது சோழர் காலம். அரசமைப்புச் சட்டம் வந்தபின், உழுதவன் பெயரும் குடத்திற் புகுந்துவிட்டது. வாக்குச் சாவடிக்குப் போகும் வழி எல்லார்க்கும் பொதுவாயிற்று. ஆனால் சுடுகாட்டுக்குப் போகும் வழி? அதுதான் இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள்.

"ஞாயிறு காலையில் ஏட்டைப் பிரித்ததும் இழவுப் பேச்சா?" என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும். அந்தச் சுளிப்பினாலேயே இது பேசப்படாமற் போகிறது. பேசப்படாமற் போவதனாலேயே தீராமற் கிடக்கிறது. திருமணமென்றால் ஆறு திங்களுக்கு முன்பே மண்டபம் பார்க்கிறோம். தேர்தலென்றால் ஓராண்டுக்கு முன்பே சாவடி வாரியாகப் பட்டியல் எடுக்கிறோம். திருமணம் தள்ளிப் போகலாம். தேர்தலுங்கூடத் தள்ளிப் போகலாம். தள்ளிப் போகாத ஒன்றுக்கு மட்டும், அது வந்த பிறகே வழி தேடி ஓடுகிறோம்.

நம் முன்னோர் இதில் ஏற்பாடற்றவர்களாக இருந்தவர்கள் அல்லர். உத்திரமேரூரிலிருந்து தெற்கே மதுராந்தகம் பக்கம் சென்றால் சானூர் என்றோர் ஊர். 1950-லும் 1952-லும் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது, பெருங்கற்களை வட்டமாக அடுக்கி அமைத்த பழங்கால அடக்கக் களம் வெளிப்பட்டது. ஈமத் தாழி வனையும் குயவனை நோக்கிப் பாடிய பாடல்கள் புறநானூற்றில் உண்டு. சுடுதல், வாளா இடுதல், குழி தோண்டிப் புதைத்தல், தாழ்ந்த இடத்தே அடைத்தல், தாழியிற் கவித்தல் என ஐந்து வகைகளை மணிமேகலை எண்ணிச் சொல்கிறது. இறந்தாரை எப்படி அனுப்பி வைப்பது என்பதை ஊர் கூடி முன்கூட்டியே வகுத்து வைத்த மக்களின் வழிவந்தவர்கள் நாம்.

இன்று நம் சிற்றூர்களின் அமைப்பைப் பாருங்கள். ஊர் ஒரு பக்கம். காலனி ஒரு பக்கம். ஊருக்கு ஒரு சுடுகாடு. காலனிக்கு ஒரு சுடுகாடு. ஊர்ச் சுடுகாட்டுக்குத் தார்ச்சாலை செல்லும். காலனிச் சுடுகாட்டுக்கு வரப்புச் செல்லும். அந்த வரப்பும் ஒருவர் பட்டா நிலத்தின் ஊடே செல்லும். கோடையில் அவர் தடுக்கமாட்டார். நாற்று நட்ட பிறகு கேட்டால், "பயிரை மிதித்துக்கொண்டா போவீர்கள்?" என்பார். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பி, வாய்க்கால் பெருக்கெடுத்து, கழனிகள் கடலாகும்போது, பாடை தூக்கிகள் இடுப்பளவு நீரில் இறங்கிச் செல்லும் படங்களை ஆண்டுதோறும் ஏடுகளிற் காண்கிறோம். ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் குடிசை போட்டு வாழும் இருளர் குடும்பங்களுக்கோ, பல இடங்களில் பதிவேட்டில் பெயர் சொல்ல ஒரு சுடுகாடும் இராது.

உத்திரமேரூருக்கு அருகே திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. அந்தப் பாலாற்றின் வழியே மேற்கு நோக்கி மேலேறிச் செல்லுங்கள், வாணியம்பாடி வரும். 2019 ஆகஸ்டில் அங்கே, நாராயணபுரத்தில், ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரின் உடலை ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு எடுத்துச் சென்றனர். நிலத்தின் ஊடே செல்ல வழியில்லை என்றாயிற்று. பிள்ளைகளும் உறவினரும் என்ன செய்தனர்? பாலத்தின் மேலேறி, பாடையைக் கயிற்றிற் கட்டி, மேலிருந்து கீழே இறக்கினர். கீழே நின்றவர்கள் கை நீட்டி வாங்கினர். கிணற்றில் குடம் இறக்குவதைப் பார்த்திருக்கிறோம். பாலத்திலிருந்து பாடை இறங்குவதை அன்று நாடே பார்த்தது.

சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. மாற்று நிலம் ஒதுக்கப்பட்டுவிட்டதாக அரசுத் தரப்பு தெரிவித்தது. நீதிபதிகள் அதனோடு விட்டுவிடவில்லை. தனித்தனிச் சுடுகாடு ஒதுக்கிக் கொடுப்பதன் மூலம் பிரிவினையை அரசே வளர்ப்பதாகாதா என்று வினவினர். நல்ல வினா! வழி கேட்டவனுக்கு வேறொரு மூலையில் நிலம் கொடுத்து அனுப்பிவிட்டால், சச்சரவு ஓயும், சாதி ஓயுமா?

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2016 ஜனவரியில், மயிலாடுதுறைப் பக்கம் திருநாள்கொண்டச்சேரியில் நடந்ததையும் நினைவூட்டுகிறேன். நூறு வயது கண்ட முதியவர் ஒருவர் மறைந்தார். பொது வழியே அவர் உடலை எடுத்துச் செல்ல உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆணை கையில் இருந்தது. ஆனால் பொது வழி திறக்கவில்லை. நாட்கள் கடந்தன. முடிவில் காவல் துறையினரே உடலை எடுத்து, வேறு வழியே கொண்டு சென்று அடக்கம் செய்தனர். நூறாண்டு வாழ்ந்தவருக்கு நூறு கசம் தெரு மறுக்கப்பட்டது!

இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் நமக்குக் கூறும் பாடம் யாது? சட்டம் இல்லையா? இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், சுடுகாட்டையும் இடுகாட்டையும் பயன்படுத்தவிடாமல் தீண்டாமையின் பேரால் தடுப்பதைக் குற்றமாக்கியது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-இல் திருத்தப்பட்டபோது, பொதுச் சுடுகாட்டைப் பிறரோடு சமமாகப் பயன்படுத்தத் தடை செய்தல் தனியொரு குற்றமாகவே எழுதப்பட்டது. ஆறு திங்கள் முதல் ஐந்தாண்டு வரை சிறை. இறந்தவர் உடலுக்கும் மாண்பு உண்டென்று உச்சநீதிமன்றம் 1995-லேயே கூறிவிட்டது. சட்டத்துக்குக் குறைவில்லை, தோழர்களே. குறைவு நேரத்துக்கு.

எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் சாவு விழுகிறது. பெண்கள் கதறுகிறார்கள். உறவினர் பேருந்து ஏறி வந்துகொண்டிருக்கிறார்கள். உடல் தாங்காது, வெயில் ஏறுகிறது. அந்த நேரத்தில் வழி மறுக்கப்பட்டால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? வட்டாட்சியரைத் தேடுமா, வழக்கறிஞரைத் தேடுமா, அழுமா? "எப்படியாவது காரியம் முடிந்தால் போதும்" என்று தலை குனிந்து, வரப்பின் வழியே, சேற்றின் வழியே, பாலத்தின் வழியே போய்விடும். இழவு வீட்டின் அவசரமே மறுப்பவனின் பலம். அந்த அவசரம் இல்லாத நாளில் வழக்காடினால், அவன் பலம் பாதியாகிவிடும். ஆகவே நான் சொல்ல வந்தது இதுதான்: சுடுகாட்டுப் பாதையைச் சாவு விழாத நாளிலேயே உறுதி செய்யுங்கள், அதனை ஒரே சுடுகாட்டுக்குச் செல்லும் பாதையாக உறுதி செய்யுங்கள்.

"பொதுச் சுடுகாடு வேண்டாம், அவரவர் நிலத்தில் அவரவர் புதைத்துக்கொண்டால் சண்டையே இல்லையே!" என்பார் சிலர். அந்தக் கதவும் அடைபட்டுவிட்டது. சிற்றூர் ஊராட்சிகளுக்கான 1999-ஆம் ஆண்டின் இடுகாடு, சுடுகாடு விதிகள் இருக்கின்றன. குறிக்கப்பட்ட இடத்திலன்றி வேறிடத்தில் அடக்கம் கூடாதென்று 2023-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வும் தீர்ப்பளித்திருக்கிறது. குடிநீர்க் கிணற்றையும் குடியிருப்பையும் காக்க அது தேவைதான். ஆனால் அதன் பொருளையும் உணர வேண்டும். குறித்த இடத்துக்குத்தான் போக வேண்டுமென்று சட்டம் கட்டளையிடுகிறது. அந்த இடத்துக்குப் போக வழியில்லையென்று ஊர் கைவிரிக்கிறது. இரண்டுக்கும் நடுவே பாடை நிற்கிறது.

"தனித்தனிச் சுடுகாடு தொன்றுதொட்டு வந்த வழக்கம், எங்கள் பாட்டன் பூட்டன் அங்கே உறங்குகிறார்கள், அதைக் கலைப்பதா?" என்பார் வேறு சிலர். எவருடைய பாட்டன் சமாதியையும் எவரும் தொட வேண்டியதில்லை. இருக்கும் கல்லறைகள் இருக்கட்டும். இனி வரும் சாவுக்கு ஒரே பாதை, ஒரே எரிமேடை, ஒரே தண்ணீர்த் தொட்டி என்பதே கோரிக்கை. 2021 டிசம்பரில் உயர்நீதிமன்ற நீதிபதி ஆர். மகாதேவன், சாதிப் பெயர் தாங்கிய சுடுகாட்டுப் பலகைகளை அகற்றி, ஒவ்வோர் ஊரிலும் அனைவர்க்கும் பொதுவான சுடுகாடு அமைய வேண்டுமென்று அரசுக்கு எடுத்துரைத்தார். அதே 2021-இல், சாதி வேறுபாடில்லாச் சுடுகாடு வைத்திருக்கும் முன்மாதிரிச் சிற்றூர்களுக்கு வளர்ச்சிப் பணிக்காக 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று மாநில அரசும் அறிவித்தது. முதல் சமத்துவபுரம் 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டபோது, நூறு வீடுகளைக் கலந்து கட்டியதோடு, பொதுச் சுடுகாடும் அந்தத் திட்டத்தில் இடம்பெற்றது. நடக்கக் கூடியதைத்தான் கேட்கிறோம்.

மார்க்கத்துக்கு மார்க்கம் அடக்க முறை வேறுபடுவது இயல்பு. இசுலாமியருக்குக் கபரஸ்தான் உண்டு. கிறித்தவருக்குக் கல்லறைத் தோட்டம் உண்டு. அவற்றில் நமக்கு வழக்கில்லை. ஒரே கடவுளை ஒரே முறையில் தொழுது, ஒரே முறையில் இறந்தாரை அனுப்புவோருக்குள் வேலி போடுவதே வழக்கு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுந்த சாதிச் சுவர், மார்க்கம் மாறினாலும் இந்த நோய் மாறாது என்பதற்குச் சான்றாக நின்றது.

நிலத்துக்காரர் கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். "என் பட்டா நிலத்தில் பாதை கேட்கிறீர்கள், எனக்கு யார் ஈடு தருவது?" என்று அவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. இரண்டு ஏக்கர்க்காரருக்கு ஐந்து செண்ட் பெரிது. அவரிடம் சாவு நாளில் மல்லுக்கு நிற்பதைக் காட்டிலும், மாசியிலோ பங்குனியிலோ அறுவடை முடிந்த களத்தில் அமர்ந்து பேசுவது நன்று. முறையான விலை கொடுத்து வாங்கலாம்; மாற்று நிலம் தரலாம்; இசையாவிடில் சட்டப்படி கையகப்படுத்தலாம். அவருக்கும் ஒருநாள் அந்தப் பாதை வேண்டும் என்பதை எடுத்துச் சொல்லலாம். பயிருக்காகத் தடுப்பவர் யார், சாதிக்காகத் தடுப்பவர் யார் என்பது ஈடு தர முன்வரும்போது தானே விளங்கிவிடும்.

இன்னொன்று, தோழர்களே. வழியைப் பற்றிப் பேசிவிட்டுக் குழியைப் பற்றிப் பேசாமல் விட்டால் பேச்சு பாதியாகும். குழி வெட்டுவது யார்? மூட்டம் போடுவது யார்? நள்ளிரவில் எரியும் உடலருகே கோல் கொண்டு நிற்பது யார்? தலைமுறை தலைமுறையாக ஒரு தெருவின் தலையில் அது கட்டப்பட்டிருக்கிறது. ஊரில் சாவென்றால் அந்தத் தெருவுக்கு ஆள் போகும், "வா, பறை அடி, வா, குழி வெட்டு" என்று கட்டளை போகும். மறுத்தால் கூலி வேலை நின்றுபோகும். ஊர்ச் சுடுகாட்டில் குழி வெட்டலாம், ஆனால் அதில் படுக்கக் கூடாது என்கிற நீதி எந்த நாட்டு நீதி? பட்டியல் சாதியினரைக் குழி வெட்டச் செய்வதும் பிணம் சுமக்கச் செய்வதும் வன்கொடுமைச் சட்டத்தில் 2015 திருத்தத்தின்படி குற்றம். கூலி பேசி, விரும்பிச் செய்பவர் செய்யட்டும், அவர் தொழிலாளி, அவருக்கு உரிய ஊதியமும் கையுறையும் காலணியும் தருக. ஊர்க் கட்டாயம் என்ற பெயரில் எவரையும் அழைக்கக் கூடாது. நம் தோழர்கள் ஒவ்வோர் ஊரிலும் பத்துப் பேர் சேர்ந்து, மண்வெட்டியும் கடப்பாரையும் எடுத்து, எந்தத் தெருச் சாவானாலும் குழி வெட்ட நாங்கள் வருவோம் என்று சொல்லட்டும். நூறு மேடைப் பேச்சு சாதிக்காததை அந்தப் பத்து மண்வெட்டிகள் சாதிக்கும்.

அதற்கும் அண்மைக்கால எடுத்துக்காட்டு உண்டு. 2020 ஏப்ரலில் கொரோனா நோயால் மாண்ட மருத்துவர் ஒருவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் கல்லெறிந்தது. உடன் சென்றவர்கள் குருதி சிந்தினர். மருத்துவராயிருந்த அவருடைய நண்பர், இரவோடு இரவாக, தம் கையாலேயே மண் தள்ளி அவரை வேலங்காட்டில் அடக்கம் செய்தார். நாடு நாணித் தலைகுனிந்தது. சில நாட்களிலேயே அவசரச் சட்டம் பிறந்தது. அறிவிக்கப்பட்ட தொற்றுநோயால் மாண்டோரின் அடக்கத்தைத் தடுப்போருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்றாயிற்று. மருத்துவருக்கு மறுக்கப்பட்டபோது நாடு பதறியது, பதறியது சரியே. அந்தப் பதற்றத்தைக் காலனித் தெருக்கள் பல தலைமுறையாக அறியும்.

"இதெல்லாம் ஊர்ப் பெரியவர்கள் பார்க்க வேண்டியது, கட்சிக்காரனுக்கு என்ன வேலை?" என்று கேட்போரும் உண்டு. தலைவர் ஒருவர் மறைந்தால், எங்கே அடக்கம் என்பதைக் கட்சியின் மானமாகக் கருதுகிறோம். 2018 ஆகஸ்டில் முன்னாள் முதல்வர் மு. கருணாநிதி மறைந்தபோது, மெரினாவில் இடம் வேண்டி இரவிலேயே வழக்கு தொடுக்கப்பட்டது. நீதிபதிகள் அந்த இரவிலேயே விசாரித்தனர். மறுநாள் காலை தீர்ப்புப் பெற்று உடல் கடற்கரைக்குச் சென்றது. எந்தக் கட்சியினராயினும் அதனை அரசியல் அல்லவென்று சொல்வாரா? தலைவருக்கு இடம் கேட்பது அரசியலென்றால், கொடிக்கம்பம் நட்டவனுக்கு, சுவரொட்டி ஒட்டியவனுக்கு, கூட்டத்துக்கு ஜமக்காளம் விரித்தவனுக்கு வழி கேட்பதும் அரசியலே.

சரி, செய்ய வேண்டியது யாது? வரிசையாகச் சொல்கிறேன், கிளை கூடும்போது குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பதிவேட்டைப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் "அ" பதிவேடு இருக்கும், புலப்படம் இருக்கும். உங்கள் ஊர்ச் சுடுகாடுகள் எந்தப் புல எண்ணில் உள்ளன, பரப்பு எவ்வளவு, எவ்வளவு ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது, பாதை பாதையாகவே பதிவாகியிருக்கிறதா அல்லது பட்டா நிலத்தின் ஊடே வாய்வழக்காகச் செல்கிறதா என்று எழுதிக்கொள்ளுங்கள். பல ஊர்களில் படத்திலே பாதை இருக்கும், தரையிலே இராது. அங்கே அளந்து கல் நடச் சொன்னால் போதும். வேறு சில ஊர்களில் தரையிலே பாதை இருக்கும், படத்திலே இராது. அங்கே பதிவு செய்யாவிடில் நாளை அது மறைந்துவிடும்.

இரண்டாவது, கிராம சபைக்குச் செல்லுங்கள். இடுகாடும் சுடுகாடும் அமைத்துப் பேணுவது 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி ஊராட்சியின் கடமை, அது சலுகையன்று. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, மார்ச் 22-ம் நவம்பர் 1-ம் கிராம சபை நாட்களாக 2022-இல் சேர்க்கப்பட்டன. ஆண்டுக்கு ஆறு முறை ஊர் கூடுகிறது. "அனைத்துத் தெருவினர்க்கும் ஒரே சுடுகாடு, அதற்கு அனைத்துப் பருவத்திலும் செல்லத்தக்க பாதை" என்று தீர்மானம் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். எதிர்ப்போர் எழுந்து, ஊரறிய, காரணம் சொல்லட்டும். இழவு நாளில் இருட்டில் நின்று மறுப்பது எளிது. கிராம சபையில் வெளிச்சத்தில் நின்று மறுப்பது அவ்வளவு எளிதன்று. தீர்மான நகலோடு திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரைக் காணுங்கள். ஒப்புகைச் சீட்டை ஊராட்சிக் கோப்பிலும் கிளைக் கோப்பிலும் வையுங்கள்.

மூன்றாவது, இடத்தைச் செப்பனிடுங்கள். விறகும் வறட்டியும் அடுக்கி, வைக்கோல் போர்த்திக் களிமண் பூசிய மூட்டம், கூரையில்லாவிட்டால் மழையில் அணைந்து உடல் வேகாமற் கிடக்கும். அந்தக் காட்சியைக் கண்ட மகன் வாழ்நாளெல்லாம் உறங்கமாட்டான். ஆகவே கூரையிட்ட எரிமேடை, கைப்பம்பு, விளக்கு, பெண்களும் முதியோரும் அமரக் கூடம், சுற்றுவேலி ஆகியவை வேண்டும். 2006 முதல் 2011 வரை நடந்த ஊரக மறுமலர்ச்சித் திட்டத்தில் பல ஊர்களில் எரிமேடைகள் எழுந்தன. மேடை எழுந்த ஊரிலும் பாதை எழவில்லையென்றால், மேடை முட்செடிக்கே பயன்படும். பணம் கேட்கும்போது பாதையை முதலிற் கேளுங்கள்.

நான்காவது, செலவைப் பங்கிடுங்கள். சாவு வந்த வீட்டில் கண்ணீர் காயுமுன் வட்டிக்காரன் திண்ணையில் அமர்கிறான். பந்தல், நாற்காலி, குளிர்பதனப் பெட்டி, பூப்பல்லக்கு, வெடி, சாராயம், பதினாறாம் நாள் விருந்து என்று ஏறுகிறது கடன். அண்டை வீட்டுச் சாவைவிட நம் வீட்டுச் சாவு பெரிதாக இருக்க வேண்டுமென்ற போட்டி, இருப்பவனைக் கடனாளியாக்குகிறது. இலங்கையின் ஊர்களில் மரண உதவிச் சங்கங்கள் உண்டு. திங்கள்தோறும் சிறு தொகை சேர்த்து, சாவு வந்த வீட்டுக்குப் பணமும் பந்தலும் ஆளும் கொடுக்கும். நம் ஊரிலும் அத்தகைய சங்கம் அமைத்து, எல்லாத் தெருவையும் அதில் உறுப்பாக்குங்கள். ஒரே பந்தலும் ஒரே பெட்டியும் எல்லாத் தெருவுக்கும் போகத் தொடங்கிவிட்டால், ஒரே பாதை பின்தொடரும். அரசு மருத்துவமனையில் இறந்தோரை வீடு சேர்க்கும் அமரர் ஊர்திக்குக் கட்டணம் இல்லை, 155377 என்ற எண்ணில் அழைக்கலாம் என்பதனையும், இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதனையும் சங்கத்தார் வீடுதோறும் சொல்லட்டும். சான்றிதழ் இல்லாமல் பட்டா மாறாது. காப்பீட்டுத் தொகை வராது. விதவைக்கு ஓய்வூதியம் கிடைக்காது.

ஐந்தாவது, உங்களைப் பற்றியே. உங்கள் இறுதி ஏற்பாட்டை நீங்களே எழுதி வையுங்கள். "என்னைப் பொதுச் சுடுகாட்டுக்கு, எல்லாத் தெரு வழியாகவும் எடுத்துச் செல்க, கட்டாயப்படுத்தி எவரையும் பறையடிக்க அழைக்கற்க, குழியை என் தோழர்கள் வெட்டுக, பதினாறாம் நாள் கடன் வாங்கி விருந்து வைக்கற்க, எளிய படத்திறப்புப் போதும்" என்று எழுதி, மனைவி மக்களிடம் இன்றே படித்துக் காட்டுங்கள். உடலையோ உறுப்பையோ கொடையளிக்க விரும்பினால் அதனையும் இன்றே சொல்லுங்கள். நீங்கள் போன பிறகு இசைவு தர வேண்டியவர்கள் அவர்களே. உறுப்புக் கொடை அளித்தோர்க்கு அரசு மரியாதையுடன் இறுதி நிகழ்ச்சி என்று 2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. கண்ணைப் பெறுகிறவன், கொடுத்தவன் தெருவைக் கேட்பதில்லை. ஊரில் உயர்ந்த தெரு என்று சொல்லிக்கொள்ளும் தெருவில் பிறந்த தோழர்களுக்கு இந்த ஐந்தாவது கடமை இருமடங்கு. பொதுச் சுடுகாட்டைக் காலனித் தோழன் கேட்டால், உரிமை கேட்கிறான் என்பர். நீங்கள் கேட்டால், வேலியின் ஒரு கம்பு உள்ளிருந்தே பெயர்ந்துவிடும்.

இந்த வேலைக்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. பெரிய மாநாடும் வேண்டியதில்லை. ஒரு நாட்குறிப்பு, ஒரு புலப்படம், ஒரு தீர்மானம், பத்து மண்வெட்டி போதும். உங்கள் ஊரில் இன்று சாவு இல்லையென்றால், வேலையைத் தொடங்க இன்றே நல்ல நாள். அடுத்த கிராம சபைக்கு முன்னர் பதிவேட்டைப் பார்த்து முடியுங்கள்; அந்தச் சபையில் தீர்மானத்தை வையுங்கள்; நிறைவேறிய ஊரின் பெயரையும், மறுத்த ஊரில் சொல்லப்பட்ட காரணத்தையும் கிளைச் செயலாளர் வழியாக எழுதி அனுப்புங்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் உத்திரமேரூர்ச் சுவரில் எழுதாமல் விட்ட ஒரு வாரியத்தை நம் ஊர்த் தீர்மானப் புத்தகங்களில் எழுதி வைப்போம்.